கம்பமெட்டு ஜீப்பின் முன்சீட்டு

என் அம்மா முதன்முதலாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. “தம்பீ.” அதற்குப் பிறகு ஒரு பெரிய மூச்சு, பின்னால் எங்கள் வீட்டுக் குக்கரின் விசில். அடுத்த மெசேஜில், “தம்பீ, கேக்குதா?” அதற்கு அடுத்ததில், கொஞ்சம் கோபமாக, “இம்புட்டு நேரமாக் கூப்புடுறேன், ஒரு வார்த்த பேச மாட்டியா?”

தம்பி என்பது எங்கள் ஊர் ஜீப் டிரைவர். மெசேஜ் போய் விழுந்தது அவர் நடத்தும் வாட்ஸ்அப் குரூப்பில். அந்த நேரத்தில் அவர் குளித்துக்கொண்டிருந்தாராம். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து போனைப் பார்ப்பதற்குள், ஜீப்பில் வேலைக்குப் போகிற அத்தனை பெண்களும் அதைக் கேட்டு முடித்திருந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் அம்மா தெருமுனைக்குப் போனதும் எல்லோரும் சேர்ந்து “தம்பீ, கேக்குதா?” என்று ராகம் போட்டார்கள். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. “கேக்குதுல்ல? அப்ப நேத்தே பதில் சொல்றதுக்கு என்னாங்கடி?” என்றாளாம்.

ஆனால் அன்றைக்கும் முன்சீட்டு அவளுக்குக் கிடைக்கவில்லை. நான் எழுத வந்தது அந்த முன்சீட்டைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் கம்பத்துக்குப் பக்கம். வீட்டு வாசலில் நின்றால் மேற்கே மலை. மலைக்கு அங்கிட்டு கேரளா, கண்ணுக்கு எட்டிய தூரம் ஏலத்தோட்டம். இங்கிருந்து தினமும் விடிவதற்குள் ஜீப்புகள் கம்பமெட்டு ரோட்டில் ஏறும். உள்ளே முழுக்கப் பெண்கள்தான். மடியில் சோற்று வாளி, தோளில் மழைக்குப் போர்த்திக்கொள்ள மடித்த பிளாஸ்டிக் தாள். நாள் முழுக்கக் குனிந்து, செடியின் தூரில் இருக்கும் ஏலக்காயைப் பறித்துவிட்டு, சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கி வருவார்கள். இதற்குக் காய் எடுப்பு என்று பெயர். ஒரு எடுப்பு முடிந்து கொஞ்ச நாளில் அடுத்த எடுப்பு வரும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்கு இதுதான் வேலை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும். தேனியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். என்னைப் படிக்க வைத்தது அந்த ஜீப்புதான் என்று அம்மா சொல்வாள். “ஜீப்பா படிக்க வச்சுச்சு? நான்ல மூட தூக்குனேன்” என்று கம்பம் மார்க்கெட்டில் சுமை தூக்கும் அப்பா சண்டைக்கு வருவார்.

அம்மாவுக்கு ஒரு சங்கடம் உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் உட்கார்ந்து போனால் குடலைப் புரட்டிக்கொண்டு வரும். ஜீப்பின் பின்பக்கம் எதிரெதிராக உட்கார வேண்டும். கால் வைக்க இடம் இருக்காது. மழைக்குப் படுதாவை இறக்கிவிட்டால் காற்றும் வராது. அப்படிப் போன அன்றைக்கு அவளால் மத்தியானம் வரை நிமிர முடியாது. டிரைவருக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்தால் ஒன்றும் செய்யாது. ஆனால் அங்கே ஒருவர்தான் உட்காரலாம். இரண்டாவது ஆள் ஏறினால் கியர் போட முடியாது என்று டிரைவர் இறக்கிவிடுவார்.

ஆகவே அம்மா எல்லோருக்கும் முன்னால் எழுவாள். டிரைவர் பல் விளக்குவதற்கு முன்பே ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். முதலில் வந்தவளுக்கு முன்சீட்டு என்பது யாரும் சொல்லாமலே இருந்த சட்டம். வாந்தி வரும் என்று மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. “மலைவேலைக்குப் போறவளுக்கு மலை ஒத்துக்கலன்னா சிரிக்க மாட்டாளுகளா?” என்பாள். கேட்பவர்களிடம், “முன்னாடி உக்காந்தாத்தேன் ரோடு தெரியும்” என்று சொல்லி வைத்திருந்தாள். என்னவோ அவள்தான் வண்டி ஓட்டுகிற மாதிரி.

அப்படியே போய்க்கொண்டிருந்தது, டிரைவர் அந்த வாட்ஸ்அப் குரூப்பை ஆரம்பிக்கும் வரை.

அவர் செய்ததைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன்பெல்லாம் மழையில் நனைந்துகொண்டு தெருமுனைக்கு வந்த பிறகுதான் இன்றைக்கு வேலை இல்லை என்று தெரியும். ஆக்கின சோற்றோடு அப்படியே திரும்ப வேண்டியதுதான். சில நாள் இவர்கள் சொல்லாமல் நின்றுவிடுவார்கள், ஜீப் காத்துக்கிடக்கும், தோட்டத்து சூப்பர்வைசர் டிரைவரைத் திட்டுவார். இப்போது ஏழு மணிச் செய்தி முடிவதற்குள் டிரைவரின் குரல் எல்லா வீட்டிலும் கேட்டுவிடும். “அக்காமாரே, நாளைக்கு எடுப்பு இருக்கு. வாரவுக சொல்லுங்க.” அவரவர் இருந்த இடத்திலிருந்தே “வாரேன்” என்று சொன்னால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வாய் இருக்கிறதே. முன்சீட்டுக்குத் தள்ளுமுள்ளு வரக்கூடாது என்று அவரே ஒரு விதியும் போட்டார். குரூப்பில் யார் முதலில் “வாரேன்” என்று சொல்கிறார்களோ அவர்களுக்கு முன்சீட்டு.

அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். குரூப் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. வழக்கம்போல முதல் ஆளாகப் போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். மேலத்தெரு அத்தை வந்து நின்றார். எங்களுக்குச் சொந்தம்தான், அம்மாவுக்கு மதினி முறை.

“மதினி, எறங்கு. முன்சீட்டு எனக்கு.”

“ஏன்? நாந்தான மொதல்ல வந்தேன்.”

“நா நேத்தே சொல்லிட்டேன்.”

“நேத்தா? நேத்து எடுப்பே இல்லையே மதினி, யாருகிட்டச் சொன்ன?”

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் போனை நீட்டி மேலத்தெரு அத்தையின் குரலைப் போட்டுக் காட்டினார். அம்மா அதை முழுக்கக் கேட்டாள். பிறகு, “போத்திப் படுத்துக்கிட்டுச் சொன்னவளுக்குச் சீட்டு, இருட்டுல நடந்து வந்தவளுக்கு இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் பின்னால் போய் ஏறினாள்.

அன்று சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. “கேட்டவளுககிட்ட ரசம் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன்” என்றாள். நான் செய்யக்கூடாததைச் செய்தேன்.

“நாந்தான் சம்பாதிக்கிறேனேம்மா, நீ நின்னுக்க” என்றேன்.

“நீ சம்பாரிச்சா நா எதுக்குடி நிக்கணும்? வீட்ல ஒக்காந்து செவத்தப் பாக்கவா? அங்கன எனக்கு ஆளு இருக்கு, பேச்சு இருக்கு. ஒனக்கு ஆபீசுன்னா எனக்கு அது.”

அந்த மாதச் சம்பளத்திலேயே அவளுக்கு ஒரு டச் போன் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாடம். மைக்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும், பேச வேண்டும், கையை எடுக்க வேண்டும். கை நன்றாக வந்துவிட்டது. வராதது வேறு. எங்கள் பக்கத்தில் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் அவர்கள் “ம்” சொல்ல வேண்டும். பிறகு சாப்பிட்டாச்சா என்று கேட்க வேண்டும். வீட்டில் யாருக்காவது சுகமில்லை என்றால் அதை விசாரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நம் காரியம். வாசலில் நின்றபடியே காரியத்தைச் சொன்னால் கடன்காரன் வந்த மாதிரி இருக்கும். அம்மா போனிலும் அதையே செய்தாள்.

“தம்பி, சாப்புட்டாச்சா?” என்று ஒரு மெசேஜ். அதற்குள் இரண்டு பேர் “வாரேன்.” “சின்னவனுக்குக் காச்சல்னு சொன்னியே, விட்டுருச்சா?” என்று அடுத்தது. இன்னும் நாலு பேர் “வாரேன்.” “கசாயம் வச்சுக் குடுக்கச் சொல்லு ஒம் பொண்டாட்டிய. சரி, நாளைக்கு நானும் வாரேன்.” அதற்குள் ஜீப்பே நிறைந்துவிடும்.

“மொதல்ல வாரேன்னு சொல்லிட்டு அப்புறம் விசாரிம்மா.”

“அதென்னடி, வீட்டுக்குள்ள நொழைஞ்சதும் நாற்காலியக் குடுன்னு கேக்குற மாதிரி?”

“மிஷின்மா அது.”

“தம்பி மிஷினா? அவன் மனுசந்தான?”

பி.காம். படிப்பில் இதெல்லாம் இல்லை.

ஆகவே நானே இறங்கினேன். டிரைவரிடம் சொல்லிக் குரூப்பில் சேர்ந்துகொண்டேன். சாயங்காலம் அவர் குரல் வரும் நேரத்தில் நான் பஸ்ஸில் சின்னமனூரைத் தாண்டிக்கொண்டிருப்பேன். போனைக் கையில் பிடித்தபடியே இருப்பேன். அவர் “வாரவுக சொல்லுங்க” என்று முடித்த மறுநொடி, “அம்மா வர்றாங்க” என்று எழுத்தில் போய் விழும். முன்கூட்டியே அடித்து வைத்திருப்பேன். அனுப்புவதுதான் பாக்கி. ஒரு வாரம் அம்மா மகாராணி மாதிரி முன்னால் உட்கார்ந்து போனாள். முகத்தில் களை திரும்பியது. நான் ஏதோ பெரிய கேஸை ஜெயித்த மாதிரி அலுவலகத்தில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் ஜீப்பில் மேலத்தெரு அத்தை கேட்டிருக்கிறார். “ஏன் மதினி, படிச்ச புள்ளைய வச்சுச் சீட்டுப் புடிக்கிறியே, எங்க பிள்ளைக மட்டும் என்ன மாடா மேய்க்குதுக?”

அன்று சாயங்காலம் குரூப்பில் புதிதாக ஒரு படை வந்து இறங்கியது. கோயம்புத்தூரில் மில்லில் இருக்கும் ஒருத்தி. திருப்பூரில் இருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர். ஓசூரில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒருத்தி. துபாயில் இருந்துகூட ஒருவர், அங்கே அவருக்கு அப்போது டீ நேரமாம். எல்லோருக்கும் மேலே மேலத்தெரு அத்தையின் மகன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவன் என்ன மாயம் செய்தானோ, டிரைவர் வாயை மூடுவதற்குள் “அம்மா வர்றாங்க” விழுந்துவிடும். சின்னமனூரில் என் போனுக்குச் சிக்னல் ஒரு கோடு. சென்னையில் அவனுக்கு நாலு கோடு. அங்கேயே போட்டி முடிந்துவிட்டது.

“ஏக்கா, நா ஜீப்பு ஓட்டுறனா, கபடி நடத்துறனா?” என்று டிரைவர் புலம்பினார். “துபாய்ல இருந்து கம்பமெட்டுக்குச் சீட்டுப் போடுறாக. ஏறுறவுக ஒரு ஆளும் பேசக் காணோம்!”

ஆனால் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் சந்தோஷமும்தான். சீட்டுப் பிடித்து முடிந்ததும் யாரும் குரூப்பை விட்டுப் போகவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை தங்கள் அம்மாவுக்குப் போன் போட்டவர்கள் இப்போது தினமும் ஏழு மணிக்கு ஆஜர். என் அம்மா சும்மா இருப்பாளா? எல்லோரையும் விசாரித்தாள். “கோயம்புத்தூர்க்காரி, ஒனக்கு மெஸ்ஸு சோறு ஒத்துக்குதா?” “துபாய் தம்பி, அங்கன வெயிலு எப்புடி?” அவர்களும் பதில் சொன்னார்கள். ஓசூர் நர்ஸிடம் மூட்டுவலிக்கு மருந்து கேட்டார்கள். திருப்பூர் அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கொண்டதை ஜீப்பே சேர்ந்து பஞ்சாயத்துப் பண்ணியது. சென்னைக்காரனும் நானும் நொடிக்கு நொடி மல்லுக்கட்டுவதைப் பார்த்து, “அத்த மகனும் மாமா மகளும் முன்சீட்டுக்கே இம்புட்டுச் சண்டையா, அப்ப கல்யாணச் சாப்பாடு கெடைக்காது போல” என்று ஒரு அக்கா சொல்ல, இருபது சிரிப்புப் பொம்மை வரிசையாக விழுந்தது. நான் பதிலுக்குக் கோபப் பொம்மை போட்டேன். அவன் ஒன்றும் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இத்தனை கலகலப்புக்கும் நடுவில், முன்சீட்டு தினமும் மேலத்தெருவுக்குத்தான் போனது. அம்மா பின்னால்தான். பெரிய எடுப்பு ஆரம்பித்திருந்தது, லீவு இல்லை. மழை வேறு, படுதாவை இறக்கிவிட்டார்கள். இரண்டு நாள் தோட்டத்தில் இறங்கியதும் ஓரமாகப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். “சேச்சி, வயசாயிப்போச்சா? நாளைக்கு ரெஸ்ட் எடுத்தோ” என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னாராம். ரெஸ்ட் என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வரும். அம்மா வீட்டுக்கு வந்து வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

“இந்த எடுப்போட நின்னுக்கிறேன்” என்றாள்.

நான் அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தது இதைத்தான். ஆனாலும் அந்த வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். அவள் மலைக்குப் போக முடியாமல் நிற்கவில்லை. பின்சீட்டில் போக முடியாமல் நிற்கிறாள். வெளியே ஒரு வார்த்தை சொன்னால் யாராவது இடம் மாறி உட்காருவார்கள். சொல்ல மாட்டாள். காலையில் எழுந்து ஓடி, தன் காலால் வாங்கிய சீட்டு அவளுக்கு கௌரவம். கெஞ்சி வாங்கினால் அது அவளுக்கு வேண்டாம்.

“நா சொல்றேன்” என்றேன்.

“நீ சொன்னா நா நாளைக்கே நின்னுருவேன்” என்றாள்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவளோடு நானும் மலைக்குக் கிளம்பினேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரியாமல் மேலத்தெரு அத்தையிடம் தனியாகப் பேசிவிடலாம் என்பது என் எண்ணம். ஜீப்பில் ஏறியதும் ஒரே வரவேற்பு.

“ஆத்தீ, ஆபீசரம்மா வந்துட்டாக! எடம் விடுங்கடி!”

“ஏத்தா, ஏசி இல்ல, பரவாயில்லையா?”

“அட்ட கடிக்கும், அதுக்கும் இங்கிலீசுலதான பேசணும்?”

முன்சீட்டில் மேலத்தெரு அத்தை. பின்னால் அம்மாவுக்கும் இன்னொரு அக்காவுக்கும் நடுவில் நான், என் மடியில் யாருடையவோ வாளி. அடிவாரம் தாண்டும் வரை நான்தான் அதிகம் பேசினேன். முதல் வளைவில் என் பேச்சு குறைந்தது. இரண்டாவதில் நின்றது. படுதாவுக்குள் டீசல் வாடை, ஈரத் துணி வாடை, யாரோ வைத்திருந்த கருவாட்டுக் குழம்பு வாடை. மூன்றாவதில் எனக்கு வியர்த்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் கையும் சில்லென்று இருந்தது. அதற்கடுத்த வளைவில் நான் யார் வாளியைத் திறந்தேன் என்று எனக்குத் தெரியாது.

“நிறுத்து! ஏலே, நிறுத்துய்யா!” என்று பின்னால் இருந்து எல்லோரும் கத்தினார்கள். ஜீப் ஓரங்கட்டியது. வாளியோடு நான் இறங்கி, ரோட்டோரக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் முடித்தேன். படித்த பெண், வேலை பார்க்கும் பெண், முதல் பெண் எல்லாம் அந்தக் கட்டைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் எல்லாப் பெண்களும் இறங்கி என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒருத்தி மடியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டினாள். இன்னொருத்தி சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து இஞ்சித்துண்டு கொடுத்தாள். ஒருத்தியிடம் புளி உருண்டை. ஒருத்தியிடம் காய்ந்த ஆரஞ்சுத் தோல். அம்மா தன் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து உப்பில் போட்ட நார்த்தங்காயை எடுத்துவிட்டு, மற்றவர்கள் கையைப் பார்த்தாள். எல்லோரும் எல்லோர் கையையும் பார்த்தார்கள்.

“நீ எதுக்குடி எலுமிச்சம்பழம் வச்சிருக்க?” என்று அம்மா ஒருத்தியைக் கேட்டாள்.

“நீ எதுக்கு நார்த்தங்கா வச்சிருக்க?”

“எனக்கு... ரோடு தெரியணும்னு...”

“ரோட்டுக்கு எதுக்குக்கா நார்த்தங்கா?”

அப்போது முன்பக்கம் யாரோ காறித் துப்பும் சத்தம். போய்ப் பார்த்தால் மேலத்தெரு அத்தை, ஜீப்பின் பானட்டைப் பிடித்துக்கொண்டு, என்னைவிடப் பச்சையாக நின்றுகொண்டிருந்தார். “புள்ள வாந்தி எடுத்த சத்தம் கேட்டதும் எனக்கும் வந்துருச்சு” என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, “முன்னாடி உக்காந்தாத்தேன் கொஞ்சம் தாங்கும். இல்லேன்னா எம் மகன ஆபீசுல இருந்து எதுக்குப் பட்டன அமுக்கச் சொல்லுறேனாம்? கௌரவத்துக்கா?”

அப்போதுதான் சிரிப்பு வந்தது. முதலில் யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. ரோட்டில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வருஷக்கணக்காக ஒரே ஜீப்பில் முட்டி இடிக்க உட்கார்ந்து போனவர்கள், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்திருக்கிறார்கள். கேலி செய்துவிடுவார்கள் என்று ஒருத்திக்கு ஒருத்தி பயம். கீழே இருந்து பைக்கில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, ஏதும் விபத்தா என்று கேட்டார். “ஆமாங்க, குடலுக்கு” என்றாள் அம்மா.

டிரைவர்தான் பாவம். “அப்ப எல்லாருக்குமேவாக்கா? நா நல்லா ஓட்டுறேன்னுல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!”

“நல்லாத்தேன் ஓட்டுற. கொஞ்சம் கெட்டதா, மெதுவா ஓட்டு” என்றார் மேலத்தெரு அத்தை.

அங்கேயே, கொண்டை ஊசி வளைவில், வானத்தில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தபோது முடிவானது. இனி முன்சீட்டு முறைக்கு. இன்றைக்கு ஒருத்தி, நாளைக்கு அடுத்தவள். போனில் முன்னால் சொன்னாலும், இருட்டில் முன்னால் வந்தாலும் முறைதான். முறை உள்ளவளுக்கு அன்றைக்கு வயிறு நன்றாக இருந்து வேறொருத்திக்கு முடியாமல் போனால், வாயைத் திறந்து சொல்ல வேண்டும், மாறிக்கொள்ள வேண்டும். வேண்டுமானால் அதைப் போனிலேயே போட்டு வைக்கிறேன், அதுவே முறையைச் சொல்லும் என்றேன் நான். அப்போதுதான் தண்ணீர் குடித்திருந்ததால் என் குரலில் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது.

“முறைய நாங்க மறப்பமாக்கும்?” என்றாள் அம்மா. “போனு விசாரிக்கத்தேன்.”

முதல் முறை யாருக்கு என்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம். கடைசியில், வாந்தி எடுத்து விஷயத்தை வெளியே கொண்டுவந்தவளுக்கு என்று ஏகமனதாகத் தீர்ப்பு வந்தது. ஆகவே அன்று சாயங்காலம் நான்தான் முன்சீட்டில் உட்கார்ந்து மலை இறங்கி வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு ஒரு பக்கம் திரும்பித் திரும்பித் தெரிந்தது. தென்னை, வாழை, பந்தல் போட்ட திராட்சை, நடுவில் வெள்ளிக் கம்பி மாதிரி வாய்க்கால். பின்னால் என் அம்மா சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தாள். வளைவில் மட்டும் குரல் நிற்கும். “தம்பி, கொஞ்சம் நிறுத்து, நாலு மூச்சு விட்டுக்கிறேன்” என்று வெட்கமில்லாமல் கேட்டாள். வண்டி நின்றது. அவளோடு இன்னும் மூன்று பேர் இறங்கி மூச்சு விட்டார்கள். கேட்டால் வண்டி நிற்கும் என்பது அத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

வாளிக்காரியிடம் மட்டும் நான் புது வாளி வாங்கிக் கொடுத்து சமாதானம் ஆனேன்.

இப்போது ஏழு மணிக்கு முறையைச் சொல்வது மேலத்தெரு அத்தையின் மகன்தான். நொடிப்போட்டி இல்லாமல் போனதும் அவனுக்குக் கை அரித்திருக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, கோயில் திருவிழாவில் மைக் பிடிப்பவர் குரலில் வாய்ஸ் போடுகிறான். “அன்பார்ந்த தாய்மார்களே! நாளைய தினம் முன்சீட்டை அலங்கரிக்க இருப்பவர்...” என்று இழுத்து, பின்னால் கொட்டுச் சத்தம் வேறு வாயாலேயே கொடுப்பான். கோயம்புத்தூரிலிருந்து குலவை வரும். துபாயிலிருந்து விசில் வரும். டிரைவர் தன் பங்குக்கு ஹாரன் அடித்து அனுப்புவார். சீட்டுக்காக வந்த பிள்ளைகள் சீட்டு இல்லாமலும் இருக்கிறார்கள்.

அம்மா அந்த எடுப்போடு நிற்கவில்லை. அடுத்த எடுப்புக்கும் போனாள். முறை இல்லாத நாளில் பின்கதவுப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறாள், படுதாவைக் கொஞ்சம் தூக்கிவிட எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். சூப்பர்வைசரிடம், “வயசு ஆகல சார், வளைவுதான் ஆகல” என்று சொல்லிவிட்டு வந்தாளாம். வேலையை விடு என்ற பேச்சை நானும் எடுப்பதில்லை.

போன வாரம் சாயங்காலம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஜன்னல் ஓரம் நான், பக்கத்தில் சின்னமனூரில் ஏறிய ஒரு அக்கா. கையில் காலித் தூக்குவாளி, ஏதோ வயல் வேலை முடித்து வருகிறார் போல. சரியாக ஏழு மணிக்குக் குரூப்பில் மைக் குரல் வந்தது. மறந்துபோய் சத்தமாகப் போட்டுவிட்டேன். “அன்பார்ந்த தாய்மார்களே!” என்று பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நாளைக்கு அம்மாவின் முறை. கொட்டு, குலவை, விசில், ஹாரன் எல்லாம் வரிசையாக முடிந்தன. அந்த அக்கா கடைசி வரை கேட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

“இது என்ன தாயி, ரேடியோவா?”

“ஜீப்புக்கா. ஏலத்தோட்டத்துக்குப் போறது. எங்கம்மாவும் போறாக.”

“அந்த ஜீப்புல எடம் இருக்குமா?”

“ஒரு ஆளுக்கு இருக்கும். கேட்டுச் சொல்றேன். ஆனா முன்சீட்டு ஒடனே கெடைக்காது, முறை வரணும்.”

அவர் சும்மா தலையாட்டினார். நான் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“ஒங்களுக்கு வளைவுல வாந்தி வருமாக்கா?”

அவர் முன்னால் இருந்தவர்களைப் பார்த்தார், பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார், முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார்.

“வரும் தாயி. யாருகிட்டயும் சொல்லிறாத.”

“அப்ப நீங்க வந்தே ஆகணும்” என்றேன்.